கடைமடைக்கும் நீர் பாய வேண்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

இம்முகாமில் குடிநீர், சாலை, தெரு விளக்கு, ஊராட்சிக் கணக்கு முதலியவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாக எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள், ‘தொடக்கப் பள்ளியும் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளும்’ என்பதாகும். இது கல்வித் துறையாரின் வேலையன்றோ, ஊராட்சிக்கு இதில் என்ன பங்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வாறு மாறியது என்பதையும், ஒரு சிற்றூர்ப் பள்ளி இக்குழந்தைகளுக்கு என்னென்ன செய்ய முடியும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

ஏரிப் பாசனத்தை நீங்கள் நன்கு அறிந்தவர்கள். மதகை ஒட்டியுள்ள தலைமடை வயலுக்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை. மதகைத் திறந்ததும் நீர் தானே பாய்ந்துவிடும். கடைமடை வயலின் நிலை அப்படியன்று. வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும், இடையில் எவரேனும் தம் மடையை அடைக்காமல் விட்டுவிட்டாலும், அங்கே பயிர் வாடும். ஆகவே, ஓர் ஊரின் பாசனம் சீராக நடைபெறுகிறதா என்பதை அறிய விரும்புவோர் கடைமடையில் போய் நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்கும் இதுவே அளவுகோல். நன்றாகப் படிக்கும் குழந்தை எந்தப் பள்ளியிலும் ஓரளவு படித்துக்கொள்ளும். காது கேளாத குழந்தைக்கும், கால் நடவாத குழந்தைக்கும், எழுத்துப் பிடிபடாத குழந்தைக்கும் என்ன கிடைக்கிறது என்பதைக் கொண்டே பள்ளியை மதிப்பிட வேண்டும்.

நான் ஒப்பமிட்ட தீர்மானம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் கிராம சபைக் கூட்டத்திற்கு நான் பற்றாளராகச் சென்றிருந்தேன். ‘இவ்வூராட்சியில் பள்ளி செல்லாக் குழந்தைகள் எவரும் இல்லை’ என்று ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. அனைவரும் கைதட்டினர். நானும் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வீட்டுவசதித் திட்டத்திற்கு விண்ணப்பித்தவர்களின் வீடுகளைப் பார்வையிட அதே ஊருக்குச் சென்றேன். ஒரு கூரை வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடுப்பில் ஒரு பழைய சேலை சுற்றப்பட்டு, அதன் மறுமுனை தூணில் கட்டப்பட்டிருந்தது. அருகில் ஒரு தட்டும் தண்ணீர்ச் செம்பும் இருந்தன. பாட்டி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தாயும் தந்தையும் நடவுக்குப் போயிருந்தனர்.

தாயை அழைத்து வரச் செய்தேன். என் முகத்தில் இருந்த கோபத்தை அவர் கண்டுகொண்டார் போலும். “நான் கொடுமைக்காரி அல்ல, ஐயா. கட்டாவிட்டால் கிணற்றுப் பக்கம் தவழ்ந்து போய்விடுகிறாள். இவளைத் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனால் வேலை கொடுக்க மாட்டார்கள். ஐந்து வயதில் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நடக்கத் தொடங்கியதும் அழைத்து வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னும் நடக்கவில்லை” என்றார்.

அச்சிறுமிக்கு மூளை முடக்குவாதம். பிறப்பின்போது மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் கைகால்கள் விறைத்திருந்தன. பேச்சும் தெளிவாக இல்லை. ஆனால், நாங்கள் பேசியதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாய் ‘நடக்கவில்லை’ என்று சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் ஒப்பமிட்ட தீர்மானம் பொய்யாயிற்று. ஆயினும் எவரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அச்சிறுமி இருப்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியும், அண்டை வீட்டாருக்கும் தெரியும். ‘பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார், வேலைக்குப் போகும் பிள்ளைகள் யார்’ என்றுதான் நாங்கள் கேட்டோம். ‘வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை எது’ என்று கேட்கவில்லை. அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற நினைவே எவருக்கும் எழவில்லை. அன்பர்களே, அதுதான் என்னைச் சுட்டது.

குறை காலில் மட்டும் இல்லை

ஊனம் என்றவுடன் இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய காலையே நம்மில் பலரும் நினைக்கிறோம். சொட்டு மருந்தின் பயனாக, நம் நாட்டில் அந்நோயின் கடைசிப் பாதிப்பு 2011ஆம் ஆண்டு ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் நம் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊர்தோறும் மக்கள் ஒத்துழைத்தால் எத்தகைய காரியம் நிறைவேறும் என்பதற்கு இது சான்று.

ஆனால் கண்ணுக்கு எளிதில் புலப்படாத குறைகள் பல உள்ளன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. பார்வைக் குறைவு, செவித்திறன் குறைவு, அறிவு வளர்ச்சிக் குறைவு, மூளை முடக்குவாதம், புற உலகத் தொடர்பில் இடர்ப்படும் ஆட்டிசம், எழுத்தும் எண்ணும் பிடிபடாத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு முதலியன அவற்றுள் அடங்கும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். 7 வகைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்துக் கணக்கு இது. இவ்விகிதப்படி பார்த்தால் 2,500 பேர் வாழும் ஓர் ஊரில் சுமார் 40 பேர் இருத்தல் வேண்டும். அவர்களுள் சிலராவது குழந்தைகளாக இருப்பர். ‘எங்கள் ஊரில் அப்படி எவரும் இல்லை’ என்று ஓர் உறுப்பினர் கூறுவாரானால், அவர் இன்னும் தேடிப் பார்க்கவில்லை என்றே நான் கொள்வேன்.

வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘மக்கு’ என்றும் ‘பிடிவாதக்காரன்’ என்றும் சொல்லிவிடுகிறோம். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பல நாள் திட்டும் அடியும் பெற்றிருந்தான். புதிதாக வந்த ஆசிரியை, தாம் எதிரே நின்று பேசும்போது அவன் மறுமொழி கூறுவதையும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது விழிப்பதையும் கவனித்தார். அவனுடைய காதில் நெடுநாளாகச் சீழ் வடிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பின் அவனுக்கு ஓரளவு நன்றாகக் கேட்கத் தொடங்கிற்று. அதுவரை அவன் பெற்ற அடிகளை யார் திரும்பப் பெறுவது?

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கும், கரும்பலகையை விட்டு அருகிலுள்ளவன் சிலேட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கும் கண் பரிசோதனை வேண்டும். சளி பிடிக்கும் போதெல்லாம் காது வடியும் பிள்ளைக்கும், இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கும் செவிப் பரிசோதனை வேண்டும். வாயால் கதை சொல்லும் பிள்ளை, மூன்றாம் வகுப்பிலும் ‘ன’, ‘ண’, ‘ள’, ‘ழ’ இவற்றைப் பிரித்தறியாமல், ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும் மயங்கி எழுதிக்கொண்டிருந்தால், சோம்பல் என்று தள்ளிவிடாமல் சிறப்பாசிரியரிடம் காட்டுதல் வேண்டும். இவை ஐயத்திற்கு இடமளிக்கும் அடையாளங்களே. முடிவு கூற வேண்டியவர் மருத்துவர்.

நாற்றங்காலில் உரமிடத் தவறினால் நட்ட வயலில் எவ்வளவு உரமிட்டும் ஈடு செய்ய இயலாது என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கும் காலம் முக்கியம். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைச் சோதித்தல் வேண்டும். குழு வரும் நாளை ஊர் முழுவதும் அறியச் செய்தால், வீட்டில் இருக்கும் பிள்ளையும் அன்று வந்து சேரும்.

சட்டம் தரும் உரிமை

இக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது தலைமை ஆசிரியரின் இரக்கத்தைப் பொறுத்தது என்று எவரும் எண்ண வேண்டாம். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிற்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடும் குறைபாடோ பல குறைபாடுகளோ உடைய குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறவும் வகை செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடைய குழந்தைக்கு 18 வயது வரை இவ்வுரிமையை நீட்டித்து, அண்மையிலுள்ள பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அளித்தது.

சிறப்புப் பள்ளிகளை நான் குறைத்துக் கூறவில்லை. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்ற குழந்தைகளுக்கும் காது கேளாத குழந்தைகளுக்கும் பள்ளிகள் தோன்றி அரும்பணி ஆற்றிவருகின்றன. சைகை மொழியும் பிரெயில் எழுத்தும் முறையாகக் கற்க அத்தகைய பள்ளியே ஏற்றதென ஒரு பெற்றோர் கருதலாம். அது அவர்கள் உரிமை. ஆனால், ‘இங்கே இடமில்லை’ என்று உள்ளூர்ப் பள்ளி கைவிரித்ததால் ஒரு குழந்தை வெளியூருக்குப் போக நேரிடலாகாது. போகவும் இயலாமல் தாழ்வாரத்தில் தங்கிவிடுவது அதனினும் கொடுமை.

வகுப்பறையில் நடைபெற வேண்டுவன

நான் குறிப்பிட்ட சிறுமி பள்ளிக்கு வந்த கதையைக் கூறினால், பள்ளி செய்யும் பணி உங்களுக்கு நன்கு விளங்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் ஒருவர் முதலில் அவளது வீட்டுக்கே சென்றார். எந்தக் கை நன்றாக அசைகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதைக் கண்டால் சிரிக்கிறாள், தன் தேவையை எப்படித் தெரிவிக்கிறாள் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். பின்னர் அவரும் வகுப்பாசிரியையும் தாயும் கூடியிருந்து, மூன்று மாதத்தில் அவள் எட்ட வேண்டியவை எவை என்று எழுதி வைத்தனர். தனக்குத்தானே கரண்டியால் உண்ணுதல், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதைக் கையால் காட்டுதல், தன் பெயர் எழுதிய அட்டையை மற்ற அட்டைகளிலிருந்து எடுத்தல் ஆகிய மூன்றே அவை. இதற்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பெயர். வகுப்புக்கெல்லாம் ஒரு பாடத்திட்டம் இருப்பதுபோல், அக்குழந்தைக்கென ஒன்று.

உட்காருவதற்குக் கைப்பிடியும் இடுப்புப் பட்டையும் உள்ள நாற்காலி ஒன்று கிடைத்தது. அதன் உயரத்திற்கேற்ற மேசையை ஊர்த் தச்சர் செய்து கொடுத்தார். பென்சில் விரல்களில் நிற்கவில்லை. வகுப்பாசிரியை பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக்கிப் பென்சிலின்மேல் தடிப்பாகச் சுற்றினார். தாள் நழுவாதிருக்க அதை மேசையில் ஒட்டி வைத்தார். வார்த்தை வராத இடத்தில் காட்டுவதற்காகத் தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி, வீடு ஆகிய ஐந்து படங்களை ஓர் அட்டையில் ஒட்டினார். இவற்றுள் பெரும் பொருட்செலவு எதிலும் இல்லை. வள மையத்தில் குறித்த நாட்களில் இயன்முறைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதை வீட்டிலும் செய்யும் முறையைத் தாய் கற்றுக்கொண்டார்.

பிற குறைபாடுகளுக்கும் இவ்வாறே வகுப்பறையில் செய்யத்தக்கவை உள்ளன. காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளையை முன் வரிசையில் அமர்த்தி, ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் விழுமாறு நின்று, அவன் பக்கம் திரும்பிப் பேசுதல் வேண்டும். கருவியின் மின்கலம் தீர்ந்த பின்னும் பல நாள் அதைக் காதில் மாட்டிக்கொண்டே பிள்ளை வருவதுண்டு. காலைதோறும் அதைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்தும், முற்றும் பார்வையற்ற பிள்ளைக்கு ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தும் உண்டு. கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுப் படித்தால், இப்பிள்ளைக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மையே.

அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்தல் வேண்டும். சட்டை அணிவது நமக்கு ஒரு வேலை. அப்பிள்ளைக்கு அது ஆறேழு வேலை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு எண்ணக் கற்ற பிறகே எண்ணை எழுதக் கற்பிக்கலாம். எழுத்துப் பிடிபடாத பிள்ளை, மணலில் விரலால் எழுதியும் களிமண்ணில் எழுத்தைச் செய்தும் பழகலாம். விடையை வாயால் சொல்ல இடந்தருவது, கூடுதல் நேரம் தருவது ஆகியவை சலுகையாகா. பொதுத் தேர்விலும் தகுதியுடைய மாணவர்க்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் அளிக்கப்படுகின்றனர். ஆட்டிசம் உடைய பிள்ளை, அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டித் தெரிந்தால் அமைதி கொள்ளும். அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி வைத்தால் அதற்கு உதவும்.

வலிப்பு வரும் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். வலிப்பின்போது கையில் இரும்பைக் கொடுப்பதாலும் வாயில் எதையேனும் திணிப்பதாலும் பயனில்லை, தீங்கே விளையும். சுற்றிலும் உள்ள பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, காற்றோட்டம் விட்டு உடனிருத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிடில் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இதைச் சத்துணவுப் பணியாளர் உட்படப் பள்ளியில் உள்ள அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

நான் கண்ட சாய்தளம்

இனி, நம் துறையின் பங்குக்கு வருகிறேன். அச்சிறுமி பள்ளிக்கு வந்த முதல் நாள் நானும் சென்றிருந்தேன். பள்ளியில் சாய்தளம் இருந்தது. அதற்கான செலவுப் பட்டியலில் ஒப்பமிட்டவனும் நானே. தாய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதி ஏறியதும் நாற்காலி பின்னோக்கி உருளத் தொடங்கியது. சத்துணவு அமைப்பாளர் ஓடிவந்து பிடித்திராவிட்டால் இருவருமே விழுந்திருப்பார்கள்.

அளந்து பார்த்தேன். தரையிலிருந்து வராந்தா ஒன்றரை அடி உயரம். சாய்தளமோ ஐந்தடி நீளமே இருந்தது. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. அதன்படி பதினெட்டு அடி நீளம் இருந்திருக்க வேண்டும். இருபுறமும் கைப்பிடி இல்லை. சாய்தளம் முடியும் இடத்திலிருந்து பள்ளி வாயில் வரை மழைக்காலத்தில் சேறு. சாய்தளம் கட்டினோம், படம் எடுத்தோம், பதிவேட்டில் ‘உண்டு’ என்று எழுதினோம். ஆனால் ஒரு சக்கர நாற்காலியை அதன்மேல் உருட்டிப் பார்க்கவில்லை. இப்பிழைக்கு நான் பொறுப்பாளன். அது இடிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்டது.

கழிப்பறையும் அப்படியே. படி உயரம், கதவு குறுகல், குந்தி உட்காரும் பீங்கான். இதனால் அச்சிறுமி நண்பகலுக்குமேல் பள்ளியில் இருக்க இயலவில்லை. கதவை மூன்றடி அகலமாக்கி, சுவரில் குழாய்க் கைப்பிடி பொருத்தி, நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைப் பீங்கானின்மேல் வைத்த பிறகே அவள் மாலை வரை தங்கினாள். ஒரு குழந்தையின் கல்வி கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பொறுத்திருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டேன்.

ஒரு தந்தையின் கேள்வி

பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் ஓர் உழவர் எழுந்து நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார்: “இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியை. அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் நேரம் என் பிள்ளைக்குக் குறையாதா?”

சிலர் அவரைக் கடிந்துகொண்டனர். அது தவறு, அவர் கேட்டது நியாயமான கேள்வி. உதவிக்கு எவரும் இல்லாவிட்டால் நேரம் குறையத்தான் செய்யும். சிறப்பாசிரியர் ஒருவருக்குப் பல பள்ளிகள். அவர் நாள்தோறும் வர இயலாது. ஆகவே உள்ளூரிலேயே வழி காணப்பட்டது. நண்பகல் உணவு நேரத்திலும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் நேரத்திலும் தாய்மார் இருவர் முறைவைத்து வந்தனர். வகுப்பில் இரண்டிரண்டு பிள்ளைகளாகச் சேர்ந்து படிக்கும் முறை ஏற்பட்டது. சிறுமிக்காகச் செய்த பட அட்டைகளையும் மணல் தட்டையும் முதல் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் பயன்படுத்தினர். அவ்வுழவரின் மகனே நாற்காலி தள்ளும் முறைப் பட்டியலில் தன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். தந்தை பின்னர் என்னிடம், “நான் கேட்டதில் தவறில்லை, ஐயா. ஆனால் விடை இப்படி வரும் என்று நினைக்கவில்லை” என்றார்.

அச்சிறுமி முதல் மாணவியாகிவிட்டாள் என்று கூறி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. அவ்வாறு நடக்கவில்லை. ஓராண்டில் அவள் தானே உண்ணக் கற்றாள். தன் தேவையைக் காட்டக் கற்றாள். தன் பெயரை அட்டையில் அடையாளம் கண்டு, நடுங்கும் கோடுகளால் அதன் முதல் எழுத்தை எழுதினாள். தாய் மனக்கலக்கம் இன்றி நடவுக்குச் சென்றார். அந்தச் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகப் பாட்டி சொன்னார். இவை சிறியவை என்று எவரேனும் கருதினால், அந்தத் தாழ்வாரத்தை அவர் பார்க்கவில்லை என்பேன்.

ஊராட்சி ஆற்ற வேண்டிய கடமைகள்

ஊரார் பள்ளிக்கு உதவுவது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் சிற்றூர் மக்கள் மனமுவந்து கட்டடமும் பலகையும் மணியும் அளித்தனர். அதே உணர்வோடு நீங்கள் செய்ய வேண்டியவற்றை ஐந்தாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் உடன் வந்தால் பணி எளிதாகும். விவரங்களை ஊரறியப் படித்துப் பெற்றோரை நாணச் செய்தல் கூடாது.

இரண்டாவதாக, மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெற உதவ வேண்டும். வட்டார அளவில் நடைபெறும் மதிப்பீட்டு முகாமுக்கு ஒரு நாள் கூலியை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போவது ஏழைத் தாய்க்கு எளிதன்று. நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். சான்று இருந்தால்தான் கருவியும் உதவித் தொகையும் கிடைக்கும். 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுடைய பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித் தொகை வகை செய்யப்பட்டது. தொகை சிறிதாயினும், பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப அது ஒரு தூண்டுதல்.

மூன்றாவதாக, பள்ளிக்குச் செல்லும் பாதை, சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை, குடிநீர்க் குழாயின் உயரம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே நேரில் பாருங்கள். பதிவேட்டைப் பார்ப்பது போதாது. ஒரு சக்கர நாற்காலியை வாயிலிலிருந்து வகுப்பு வரை உருட்டிப் பாருங்கள். அது தடைப்படும் இடம் எதுவோ, அங்கே வேலை இருக்கிறது.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் இக்குழந்தைகளின் பெற்றோர் இடம்பெறச் செய்யுங்கள். தேவையை அவர்களே அறிவர். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக நியமிப்பதற்கான சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. மன்றத்தில் அவர்கள் குரல் ஒலிக்கும்போது, பள்ளியில் உள்ள பிள்ளைகளும் தமக்கு ஓர் எதிர்காலம் உண்டென உணர்வார்கள்.

ஐந்தாவது, செலவே இல்லாதது. பிள்ளையைக் குறையின் பெயரால் அழைக்கும் வழக்கத்தை ஊரிலிருந்து ஒழியுங்கள். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஏற்றது. அரசாணையில் சொல் மாறிவிட்டது. டீக்கடையில் இன்னும் மாறவில்லை. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பெயரால் கூப்பிடுவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

அன்பர்களே! இவற்றை ஒரே நாளில் செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை உண்டு. நிதிக் குறைவும் உண்டு. ஆனால் வாய்க்காலில் நீர் குறைவாக வரும் ஆண்டில்தான் முறைவைத்துப் பாய்ச்சுகிறோம். நிறைய வரும் ஆண்டில் முறை எதற்கு?

இப்போதெல்லாம் கிராம சபையில் ‘பள்ளி செல்லாக் குழந்தைகள் இல்லை’ என்ற தீர்மானம் என்முன் வைக்கப்படும்போது, நான் எழுதுகோலை உடனே எடுப்பதில்லை. ‘எந்த வீட்டிலாவது பிள்ளை உள்ளேயே இருக்கிறதா?’ என்று முதலில் கேட்கிறேன். சற்று நேரம் அமைதி நிலவும். பிறகு, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுள் எவரேனும் ஒருவர் மெல்லக் கை உயர்த்துவார். அந்தக் கேள்வியை அடுத்த கிராம சபையில் நீங்களே கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.